ஆண்டுக்கு ஒரு மாதம் காலி

வாடகைக்கு விடும் வீடு ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு மாதம் காலி வந்து குடியிருப்பார். ஒரு பாய், ஒரு சூட்கேஸ். வாடகை தரமாட்டார். யாரும் கேட்பதுமில்லை.

வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்குச் செலவு மதிப்பீடு எழுதித் தருவது என் தொழில். வீட்டு வரி, தண்ணீர் வரி, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு, கடைசி வரியில் காலி ஒரு மாதம். பத்தொன்பது ஆண்டுகளில் என் மதிப்பீடு பிழைத்ததில்லை. (பிழைத்தல் என்றால் இங்கே தவறுதல். இன்னொரு பொருளில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் பிழைத்திருக்கிறார்கள்.)

தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற ரெஜினா மேரி, கைக்கு வந்த பணம் முழுவதையும் போட்டு, என் மதிப்பீட்டை நம்பி ஒரு வீடு வாங்கினார். செலவு போக மிஞ்சும் வாடகையில்தான் அவருக்குச் சாப்பாடும் மருந்தும். முதலில் குடியிருந்தவர்கள் போனார்கள். காலி வந்தார். நான்காவது மாதம் ரெஜினா என்னிடம் வந்தார்.

"ஒரு மாசம்னுதானே சார் எழுதினீங்க? மனுஷன் ஜன்னலுக்குத் திரை வாங்கி மாட்டிட்டாரு. நான் சுகர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிட்டிருக்கேன்."

"மதிப்பீடு சரிதாம்மா. அவர் நடந்துக்கிறதுதான் தப்பு."

இருவரும் போனோம். காலி பாயில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டைக் காலி பண்ணுங்க" என்றேன்.

"அதைத்தானே சார் நாலு மாசமா பண்ணிட்டிருக்கேன்."

இலக்கணப்படி அவர் சொன்னது சரி. ஒப்புக்கொண்டு திரும்பினேன். வாசல் தாண்டும்போது அவர் ரெஜினாவிடம், "மேடம், பின்பக்கக் குழாய் சொட்டுது. ஆள் அனுப்புங்க" என்றார்.

நான் நின்றேன். காலிக்கு எந்தக் குழாயும் சொட்டாது. சொட்டுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்பவர் குடித்தனக்காரர். என் பையில் முத்திரைத்தாள் எப்போதும் இருக்கும். அங்கேயே பதினோரு மாத ஒப்பந்தம் எழுதி நீட்டினேன். காலி இரண்டு முறை படித்தார்.

"அட்வான்ஸ் கொஞ்சம் கொறைச்சுக்கலாமா?"

"குடித்தனக்காரரேதான்" என்றார் ரெஜினா.

காலி சூட்கேஸைத் திறந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார். பதினோரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்தது. ரெஜினா தினமும் மாத்திரை போட்டார். பிறகு, தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று சொல்லிக் காலி வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். இப்போது அங்கே முறையாக வாடகை கொடுத்து இருக்கிறார்.

ஆனால் மதிப்பீட்டில் காலி ஒரு மாதம் இருக்கிறது. எழுதியவன் நான். ஒரு பாயும் சூட்கேஸும் எடுத்துக்கொண்டு ரெஜினாவின் வீட்டுக்குக் குடிபோனேன்.

இருபத்தெட்டாம் நாள் ஒரு தம்பதியை ரெஜினா அழைத்து வந்தார். அந்தப் பெண் என் பாயைத் தாண்டிப் போய் அறை அறையாகப் பார்த்தார்.

"காலியாத்தாங்க இருக்கு" என்றார் கணவரிடம்.

"ஒண்ணாம் தேதி வந்துடலாம்மா" என்றார் ரெஜினா, என்னைப் பார்த்தபடி.

பின்பக்கக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.