நீங்கலாக

கட்சி அலுவலகத்தில் அவரைப் பேனா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைவர் பெயரில் வரும் அறிக்கைகளை இருபத்திரண்டு வருடமாக எழுதுபவர் அவர். தலைவர் எதற்குக் கொதித்தெழுந்தாலும், முதலில் மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் இருக்கும் மேஜையில்தான் உலை வைக்க வேண்டும்.

பேனாவின் அக்கா வாழ்க்கைப்பட்ட நாட்டின் மேல் அந்த வருடம் பொருளாதாரத் தடை விழுந்தது. அத்தான் போய் ஆறு வருடம். அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதம் பிறந்ததும் மாத்திரைப் பணத்தைப் பேனா வங்கி வழியாக அனுப்பிவிடுவார். தடை வந்த பிறகும் குடும்பச் செலவுக்கு அனுப்ப வழி இருந்தது.

தேர்தல் நெருங்கியது. தலைவர் பேனாவை மாடிக்குக் கூப்பிட்டு, அந்த நாட்டுக்கு இங்கிருந்து ஒரு சல்லிக்காசு போகக் கூடாது, அதுதான் இனி நம் நிலைப்பாடு, மத்தியானத்துக்குள் அறிக்கை வேண்டும் என்றார்.

"மருந்து, குடும்பச் செலவு நீங்கலாகன்னு ஒரு வரி சேர்த்துடட்டுமாங்க?"

"நீங்கலாகன்னு சொன்னா எவனும் கைதட்ட மாட்டான், பேனா."

இதுவும் உண்மைதான். பேனா இறங்கி வந்து எழுதினார். நன்றாகவே வந்துவிட்டது. அதுதான் பிற்பாடு அவரை உறுத்தியது.

மறுநாள் காலை பேப்பரைப் படித்த மனைவி, அதை மடித்து வைத்துவிட்டு, அக்காவிடம் யார் சொல்வது என்று மட்டும் கேட்டாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்து மணிக்கு அக்காவே போன் செய்தாள். அறிக்கையைப் போனிலேயே படித்திருந்தாள். ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் 'அறவே' வருகிறதே, தம்பி எழுதாமல் வேறு யார் எழுதியிருப்பார்கள் என்றாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. இது சட்டமாகிவிடுமா என்று கேட்டாள்.

"நாங்க எதிர்க்கட்சிக்கா. நாங்க சொல்றது எதுவும் நடக்காது."

"அப்ப சரி," என்றாள் அக்கா.

ஆனால் கூட்டங்களில் விழுந்த கைதட்டல் ஆளுங்கட்சிக்கும் கேட்டது. மூன்றே வாரத்தில் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். பேனாவின் வாக்கியங்களில் பாதி அதில் அப்படியே இருந்தன. அடுத்த மாதம் வங்கி கவுண்ட்டரில் இருந்த பெண், அவருடைய படிவத்தை வாங்கிய கையோடு திருப்பித் தந்தாள். புதுச் சட்டம் சார், யாரோ இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதுகிறார்கள் என்றாள். பேனா ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தார். போனில் விஷயத்தைச் சொன்னபோது, இருக்கிற மாத்திரையை இனி ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறேன் என்றாள் அக்கா.

அன்று சாயங்காலமே தலைவர் கூப்பிட்டார். நல்ல பெயரை ஆளுங்கட்சிக்காரர்கள் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே சட்டத்தை எதிர்ப்பதுதான் இனி நம் நிலைப்பாடு. நாளைக்கு வேண்டும் என்றார்.

பேனா நாளைவரை காத்திருக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து எழுந்திருக்காமல் எழுதினார். ஒரு அம்மா மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறாள், அவள் கால்வீக்கத்துக்கும் எந்த அரசாங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார். தலைவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு இந்தம்மா?"

"எங்க அக்காங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"அக்கா அந்த நாட்டுல இருக்கான்னு வேலைக்குச் சேந்தப்பவே சொன்னேங்க. மனுவுல இருக்கு."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறிக்கையில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். கூட்டத்தில் படித்தபோது அவர் குரல் உடைந்தது. நடிப்பா நிஜமா என்று பேனாவுக்கே பிடிபடவில்லை.

ஏழு வாரம் கழித்து, மருந்துச் செலவுக்கு அரசு விலக்கு கொடுத்தது. ஆஸ்பத்திரிக் கடிதமும், கூடப் பிறந்தவள் என்பதற்கு அத்தாட்சியும் வேண்டும் என்றார்கள். பேனா இரண்டையும் தேடிப் பிடித்தார். பணம் போய்ச் சேர நாலு நாள் ஆனது.

அந்த ஏழு வாரத்தில் அக்காவின் உடம்பில் போனது முழுதாகத் திரும்பவில்லை. மாடி ஏற முடியாமல் கீழ்வீட்டுக்கு மாறிக்கொண்டாள். பேனா போனில், நான்தான் எழுதினேன், என்னை மன்னித்துவிடு என்று ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை.

"கீழ்வீட்டுல ஜன்னல் பெருசுடா," என்றாள். "வாடகைதான் கொஞ்சம் கூட. அதுக்கு விலக்கு இருக்கான்னு பாத்துச் சொல்லு."