வெறுங்காலோடு முழுநிலா ஆட்டத்துக்கு

பொன்னியின் செல்போனுக்கு அந்த டிக்கெட் வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. பதினொரு நாளும் தூங்கப் போகும் முன் ஒரு முறை, எழுந்ததும் ஒரு முறை அதைத் திறந்து பார்த்தாள். நீலக்கூரை, முழுநிலா ஆட்டம், மாலை ஏழு மணி, இருவர். அதற்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு கறுப்புச் சதுரம். அந்தச் சதுரம் காணாமல் போய்விடவில்லை என்று தெரிந்தால்தான் அவளுக்கு அடுத்த வேலை ஓடும்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டிய ஒரு சந்தில், ஒரு லாண்டரியில் அவளுக்கு வேலை. சுற்றியுள்ள கெஸ்ட் ஹவுஸ்களின் பெட்ஷீட்டெல்லாம் அங்கேதான் வந்து குவியும். துவைப்பது மெஷின். மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காயப்போடுவதும், காய்ந்ததை மடிப்பதும் பொன்னி. அந்த மாடிக்கு நேர் எதிரே நீலக்கூரையின் மொட்டைமாடி. கீழே காபியும் கேக்கும் விற்பார்கள். சனிக்கிழமை மாலையில் மேலே பாட்டுப் போட்டு ஆடுவார்கள். சாராயம் கிடையாது, எலுமிச்சை ஜூஸ்தான். ஆனால் விளக்கும் ஸ்பீக்கரும் சென்னையிலிருந்து வந்தவை.

ஏழு மாதமாக பொன்னி ஈரப் பெட்ஷீட்டுகளுக்கு நடுவில் நின்று அந்தப் பாட்டுகளுக்கு ஆடிக்கொண்டிருந்தாள். இது யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கச் சொன்னாலே தொண்டை அடைத்துப்போகிற பெண் அவள். இன்றைக்கும் கடையில் மீதிச் சில்லறை கேட்பதற்குக்கூட யோசிப்பாள். அந்த வெள்ளைத் துணிகளுக்குப் பின்னால் மட்டும் கை தானாக எழும், கால் தானாகத் தாவும். ஒரே ஒரு முறை, மறைக்கத் துணி இல்லாமல், ஜனங்களுக்கு நடுவில், அந்த நீல வெளிச்சத்தில் ஆட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

தனியாகப் போகத் தைரியம் இல்லை. அதனால் பெரியம்மா மகள் அருணாதேவியைச் சேர்த்துக்கொண்டாள். அருணா வேங்கிக்காலில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிங் வேலை பார்க்கிறவள். அவளுக்கு ஆட வராது, பேச வரும்.

பௌர்ணமி என்பதால் லாண்டரிக்கு விடுமுறை. கிரிவலப் பாதையில் வண்டிகளையும் நிறுத்திவிட்டார்கள். வீடு இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து நடந்துதான் போக வேண்டும். கூட்டத்துக்கு எதிராகத் திரும்பி நடந்தால் தூரம் கம்மி. ஆனால் பௌர்ணமி அன்றைக்கு மலையை இடம் சுற்றிப் போகிற துணிச்சல் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. கூட்டத்தோடு வலமாக நடந்து, ஊருக்குள் புகுந்து, கோயிலைத் தாண்டி வந்தால் எட்டுக் கிலோமீட்டர். நான்கு மணிக்கே இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். "கிரிவலம் போய்ட்டு வரோம்மா" என்று பொன்னி சொன்னபோது அம்மா விபூதி வைத்து அனுப்பினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை, பாதி உண்மைதான் குறைவு.

நடக்க நடக்க பொன்னியின் வேகம் கூடியது. மலைக்குப் பக்கவாட்டில் நிலா எழும்பி வந்தது. எங்கே திரும்பினாலும் ஜனம். சுண்டல் வாசம், கற்பூர வாசம், பொம்மைக்காரர்களின் பீப்பி. கோயிலைத் தாண்டிய பிறகு அவளால் நடக்கவே முடியவில்லை, ஓடினாள்.

"ஏய், நில்லுடி! மாடி எங்கயும் ஓடிப் போயிடாது" என்று அருணா மூச்சு வாங்கப் பின்னால் வந்தாள்.

நீலக்கூரையின் வாசலில் காவலாள் விமல்ராஜ் நின்றுகொண்டிருந்தான். கறுப்புச் சட்டை, காதில் ஒரு ஒயர், கதவளவு தோள். பொன்னி செல்போனை நீட்டினாள். அவன் அந்தச் சதுரத்தின் மேல் ஒரு கருவியைக் காட்ட, அது 'கீக்' என்றது. பச்சை விளக்கு எரிந்தது. பொன்னியின் நெஞ்சும் கூடவே 'கீக்' என்றது.

அவன் கண் கீழே இறங்கியது.

"ஷூ எங்கம்மா?"

இரண்டு பேரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். எட்டுக் கிலோமீட்டர் புழுதி. பொன்னி புதுச் சுடிதாரை மூன்று முறை இஸ்திரி போட்டிருந்தாள், மேட்சாக வளையல் தேடி வாங்கியிருந்தாள். செருப்பு என்ற ஒன்று நினைவிலேயே வரவில்லை. பௌர்ணமி நாளில் அந்தச் சாலையில் செருப்பை யார் நினைப்பார்கள்?

"ஷூ இல்லாம உள்ள விட முடியாது. ரூலு" என்றான் விமல்ராஜ். பின்னால் சுவரில் தொங்கிய போர்டைக் கட்டைவிரலால் காட்டினான். 'அனுமதி உரிமை நிர்வாகத்துக்கே.'

"அண்ணா, டிக்கெட்ல அப்படி ஒண்ணும் போடலியே" என்றாள் அருணா. "தோ பாருங்க. குடிச்சிட்டு வரக் கூடாது. சாப்பாடு எடுத்துட்டு வரக் கூடாது. பதினெட்டு வயசு ஆயிருக்கணும். அவ்ளோதான். இதுல ஷூ எங்க இருக்கு?"

அப்போது வெள்ளை வேட்டி கட்டிய ஒரு வெளிநாட்டுக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். விமல்ராஜ் கைகூப்பினான். சதுரம் கீக் என்றது. இருவரும் உள்ளே போனார்கள். படியேறும்போது நான்கு குதிகால்களும் பளிச்சென்று தெரிந்தன. நான்கிலும் அதே புழுதி.

"அண்ணா," என்றாள் அருணா மெதுவாக, "அவங்க கால்ல போட்டிருக்கிறது எந்தக் கம்பெனி ஷூ?"

எதிர் ஓரத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த காசி கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அவங்க... கிரிவலம் சுத்திட்டு வராங்கம்மா" என்றான் விமல்ராஜ்.

"அப்ப நாங்க? ஆகாசத்துலேர்ந்து குதிச்சோமா?"

விமல்ராஜ் காதிலிருந்த ஒயரிடம் ஏதோ முணுமுணுத்தான். இரண்டு நிமிடத்தில் மேலாளர் கலையரசன் இறங்கி வந்தார். மெல்லிய குரல்காரர்.

"இன்னாம்மா பிரச்சன? நான் வெளிப்படையாவே சொல்லிடறேன். இது வெளியூரு, வெளிநாட்டு கெஸ்ட்டுங்களுக்காக நடத்தறது. லோக்கல்ல ஒருத்தர விட்டா நாளைக்கு ஊரே வரும். சங்கடம். எண்ணூறு ரூபாய இப்பவே உங்க நம்பருக்குப் போட்டுடறேன். கெளம்புங்க."

"லோக்கல்னா விட மாட்டீங்களா, சார்?" அருணாவின் குரல் திடீரென்று அலுவலகக் குரலாக மாறியது. "குடிச்சிட்டுத் தகராறு பண்றவன நிறுத்துங்க, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா பொறந்த ஊரக் காரணம் காட்டி ஓட்டல்லயோ, கடையிலயோ, இந்த மாதிரி பொழுதுபோக்கு எடத்துலயோ ஒருத்தர நிறுத்தக் கூடாதுன்னு அரசியல் சட்டம் பதினைஞ்சாவது பிரிவுலயே இருக்கு. அத விடுங்க. டிக்கெட்ட வித்துட்டு, சொல்லாத ரூலச் சொல்லி வாசல்ல நிறுத்தினா அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் ஆணையத்துல மனு போட வக்கீல்கூட வேணாம், நாங்களே நின்னு பேசலாம். சரி, விட மாட்டீங்கன்னா ஏன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

கலையரசன் சிரித்தார். "எழுதித் தரேனே" என்று மேசையிலிருந்த பில்லின் பின்பக்கத்தில் எழுதினார்: 'காலில் ஷூ இல்லாததால் அனுமதி இல்லை.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். லோக்கல் என்று எழுத அவருக்குப் பைத்தியமா?

அருணா அதை வாங்கி ஊதி மடித்துப் பைக்குள் வைத்தாள். கண்ணில் வெற்றி. "பொன்னி, காச வாங்கிக்க. மனுவும் போடறோம். ஜெயிச்சிடுவோம்டி. எங்க சீனியரு ஒரே வருஷத்துல முடிச்சிடுவாரு."

ஒரு வருஷம்.

மேலே பாட்டு ஆரம்பித்தது. பொன்னிக்கு அந்தப் பாட்டு தெரியும். தும் தும் என்று இரண்டு தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு மறுபடி தும். எத்தனை பெட்ஷீட் காய்ந்திருக்கிறது இந்தப் பாட்டுக்கு! ஒரு வருஷம் கழித்து ஆணையம் என்ன தரும்? பணம் தரும். இன்றைக்கு இந்தப் பாட்டு முடிந்தால் முடிந்ததுதான்.

"மேல..." என்றாள் பொன்னி.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் முன்னால் வந்து நின்றாள்.

"மேல யாரும் ஷூ போட்டுட்டு ஆடறதில்ல!"

சத்தம் அவளே எதிர்பாராத அளவுக்கு வந்துவிட்டது. சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"படி ஏறினதும் லெஃப்ட்ல ஒரு மூங்கில் கூடை இருக்குது. எல்லாரும் அதுல கழட்டிப் போட்டுட்டுத்தான் ஆடறாங்க. கூடை ரொம்பிட்டா பூந்தொட்டி பக்கத்துல குவிக்கிறாங்க. அன்னிக்கு இந்த அண்ணாகூட பச்ச கலர் ஷூவக் கழட்டிட்டு ஆடினாரு. கடசிப் பாட்டுக்கு."

விமல்ராஜின் முகம் விளக்கு மாறியதுபோல் மாறியது. கலையரசன் அவன் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "நீ ஆடினியா?"

"ஒரே ஒரு பாட்டு, சார்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் கலையரசன்.

பொன்னிக்குக் காது சூடேறியது. ஏழு மாத ரகசியம். "எதுத்த மாடியில நாந்தான் துணி காயப்போடறேன்" என்றாள். பிறகு, சொல்லாமல் விட்டால் பாதிதான் என்று தோன்ற, "நானும் ஆடுவேன். துணிக்குப் பின்னாடி" என்றாள்.

வாசலில் கூட்டம் நின்றுவிட்டது. செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், பை நிறைய தண்ணீர் பாட்டிலோடு நான்கு பெண்கள், இன்னும் யார் யாரோ. ஒருவர் காலிலும் செருப்பு இல்லை.

"இன்னா விமலு," என்று காசி எதிரிலிருந்து குரல் கொடுத்தார், "ஷூ இல்லாதவங்க உள்ள வரக் கூடாதுன்னா இன்னிக்கு உன் மொதலாளிகூட வர முடியாதேப்பா. சாயந்தரம் அவரும் வெறுங்கால்லதான் கிரிவலம் கெளம்பினாரு, நான் பாத்தேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "அட, விடுங்க சார். புள்ளைங்க ஆசப்பட்டு வந்திருக்குதுங்க. டிக்கெட்டு வேற வாங்கியிருக்குதுங்க" என்றாள்.

கலையரசன் அருணாவின் பையைப் பார்த்தார். அவர் கையெழுத்து அதற்குள் இருந்தது. ஷூ இல்லாமல் உள்ளே போன நான்கு கால்களும் அவருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. அவர் கதவை விட்டு ஓர் அடி நகர்ந்தார். அந்த ஓர் அடி போதும்.

பொன்னி படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். இடப்பக்கம் மூங்கில் கூடை. போடுவதற்கு அவளிடம் எதுவும் இல்லை. நேராக நடுவுக்கே போய்விட்டாள்.

போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே லாண்டரி மாடி தெரிந்தது. கொடி காலியாக இருந்தது. ஒளிவதற்கு ஒரு துணியும் இல்லை. நீல வெளிச்சம் அவள் மேல் விழுந்து நகர்ந்து மறுபடி விழுந்தது. அந்த வெளிநாட்டுக்காரரின் மனைவி அவளைப் பார்த்துச் சிரித்தாள். மலைக்கு மேலே நிலா முழுசாக ஏறியிருந்தது. தும் தும். ஒரு மூச்சு. தும்.

கால் தானாகத் தாவியது.

முதலில் இரண்டு பேர் விலகி இடம் விட்டார்கள். பிறகு நான்கு பேர். அதன் பிறகு அவள் எண்ணவில்லை.

"அடிப்பாவி, எங்கடி கத்துக்கிட்ட!" என்று அருணா ஓரத்தில் நின்று கத்தினாள். கையில் எலுமிச்சை ஜூஸ், தோளில் பை. கலையரசன் தயங்கித் தயங்கி அவளருகே வந்தார்.

"அதான் உள்ள விட்டாச்சேம்மா. அந்தப் பில்ல குடுத்துடேன்."

"குடுக்கறேன், சார். கீழ அந்த போர்டக் கழட்டினதும்."

அவர் பெருமூச்சு விட்டு, படியருகே நின்று தலையாட்டிக்கொண்டிருந்த விமல்ராஜைப் பார்த்தார். விமல்ராஜ் ஸ்க்ரூ டிரைவர் தேடிக் கீழே ஓடினான்; கடைசிப் பாட்டுக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற அவசரம் அவன் ஓட்டத்தில் தெரிந்தது.

பொன்னி இதையெல்லாம் பார்க்கவில்லை. அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது.