குவான் விழ வேண்டிய உயரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவர் லோ பாங்; கேட்டுவிட்டு எழுத உட்கார்ந்தவன் நான். ஹாங்காங்கில் என் கீழ்வீட்டுக்காரர். நாற்பத்தொரு படங்களுக்குச் சண்டை மாஸ்டர். ஞாயிறு காலைகளில் சேர்ந்து டீ குடிப்போம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1971. இளவெயிலில், கொக்கைப் போல் ஒற்றைக் காலில் அவன்...’

(வேண்டாம். சண்டைக்காரனை ஒற்றைக் காலில் நிறுத்தாமல் ஒரு கதையைத் தொடங்க முடியாதா?)

2

ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பகுதியில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில்தான் பயிற்சிக்கூடம். பாங்குக்கு இருபத்திரண்டு. கூடப் பயின்ற குவான் என்ற பெண்ணுக்கு இருபது, பகலில் பிளாஸ்டிக் பூ செய்யும் ஆலையில் வேலை. கோயில் திருவிழாக்களில் இருவரும் ஜோடியாகச் சண்டை செய்து காட்டுவார்கள். கடைசியில் அவள் குத்து அவன் தொண்டைக்கு ஒரு விரல் முன்னால் நிற்கும். அவன் பின்வாங்க வேண்டும். வாங்க மாட்டான்.

“பின்னாடி போடா, எருமை! ஒரு நாள் நெசமாவே பட்டுடப்போவுது.”

“படட்டும். உன் கைதானே.”

(சினிமா வசனம் போலிருக்கிறதென்று இதை அடித்தேன். “அப்படித்தான்யா சொன்னேன்” என்று பாங் திரும்ப எழுதவைத்தார்.)

3

ஒரு நாள் இயக்குநர் ஒருவர் மாடியேறி வந்தார். சண்டைக்கு ஒரு ஆள் வேண்டும். கதாநாயகிக்கு டூப்பும் வேண்டும். அப்போதெல்லாம் ஆண்களே விக் வைத்துக்கொண்டு பெண்களுக்காக விழுவார்கள். இவருக்கு நிஜமான பெண்ணே வேண்டுமாம். இரண்டாம் மாடியிலிருந்து அட்டைப்பெட்டிகள் மேல் குதிக்க வேண்டும். பாங்கை அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று.

“அந்தப் பொண்ணு எப்படிப்பா?”

“திருவிழாவுக்கு சரிதான் சார். உசரத்தப் பாத்தா நடுங்கிடுவா.”

ஏழாம் மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நடந்துகொண்டே நூடுல்ஸ் சாப்பிடுகிறவள் குவான்.

ஏன் அப்படிச் சொன்னான்? காதல் என்று எழுதினேன். பயம் என்று திருத்தினேன். பொறாமை என்று எழுதியதைப் படித்துக் காட்டியபோது பாங் கோப்பையைக் கீழே வைத்தார்.

மதியம் பஸ் ஏறி அவன் ஸ்டூடியோவுக்குப் போனான். இரண்டு வருடம் கழித்து குவான் ஒரு சமையல்காரரைக் கட்டிக்கொண்டு வான்கூவருக்குப் போய்விட்டாள்.

4

அவன் (இனி ‘அவர்’, மாஸ்டர் ஆகிவிட்டார்) கழுத்தெலும்பை ஒருமுறையும் விலாவை மூன்று முறையும் உடைத்துக்கொண்டார். எந்தக் கதாநாயகிக்குச் சண்டை அமைத்தாலும் முதலில் தனியாக நின்று செய்து பார்ப்பார். எதிரில் குவான் இருப்பாள். அவள் கை எவ்வளவு நீளும், எந்தக் கால் முன்னே வரும் என்று அவர் உடம்புக்குத் தெரியும்.

“மாஸ்டர், யார்கிட்ட சிரிக்கிறீங்க?” என்று ஃபைட்டர்கள் கிண்டல் செய்வார்கள்.

“உன் மாமியார்கிட்டடா. போய் மெத்தையப் போடு.”

குவானுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

“என்னன்னு எழுதறது?” என்றார் என்னிடம். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கும் தெரியவில்லை.

5

1988-இல் அம்மாவின் சாவுக்கு வந்த குவான், விசாரித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கே வந்தாள். (வராமலே விட்டால் கதை இன்னும் சோகமாக இருக்கும் என்று ஒரு படி எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் வந்தாள்.)

இடுப்பு பருத்திருந்தது. நடை அதே நடை. பாங் வேலையை நிறுத்திவிட்டு, பதினேழு வருடத்துப் பேச்சை ஒரே மூச்சில் கொட்டினார்.

“நான் அன்னைக்கு அந்த டைரக்டர்கிட்ட உன்னப் பத்தி ஒரு பொய்...”

“தெரியும். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடிதான் நின்னேன்.”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

“நீயே போய் மாத்திச் சொல்லுவேன்னு நெனச்சேன். பஸ் வர்ற வரைக்கும் பாத்துட்டிருந்தேன்.”

அவரால் நிமிர முடியவில்லை. படத்துக்காக உயரத்தில் கட்டியிருந்த பால்கனியை அவள் பார்த்தாள்.

“இன்னைக்கு யாரு விழறா?”

“மீசை வெச்ச ஒருத்தன். விக் மாட்டிட்டு.”

“நல்லா இருக்கும்டா அது!” சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். “அந்த விக்கைக் குடு.”

தடுத்துப் பார்த்தார். அவள் மேலே ஏறிவிட்டாள். கேமரா தயார். ஐம்பது பேரும் மாஸ்டரின் ஒரு வார்த்தைக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

6

ஒவ்வொரு ஞாயிறும் பாங் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார். படத்தின் பெயரைக் கேட்டால் சொல்வதில்லை. ‘ஸ்டார்ட்’ என்று அவர் சொன்னதாக ஒரு முடிவு எழுதினேன். ‘எறங்கு, குவான்’ என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். முதலாவதில் அவள் எலும்பு முறிவது எனக்குக் கேட்டது. இரண்டாவதில் அதே பொய்யை நானும் சொன்னது போல...

அவள் ஓரத்தில் நிற்கிறாள், வெறுங்காலோடு. கீழே பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.