கேட்க வந்தவன்

சுகிர்தா இரண்டாவது பாட்டைத் தொடங்கியபோது அவளுடைய கணவன் கஃபேயின் மாடிப்படியில் ஏறி வந்தான். அழகமுத்து மரக்கறி லொறி ஓட்டுகிறவன். சனிக்கிழமைகளில் தம்புள்ளைச் சந்தையில் இருப்பான். லொறி கராஜில் நின்றதால் இன்றைக்கு வத்தேகம வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். ஸ்பீக்கருக்குப் பக்கம் என்பதால் யாரும் உட்காராத முன் கதிரையில் போய், கோயிலில் உட்காருவதுபோல உட்கார்ந்தான்.

வார நாட்களில் அவளுக்குப் பார்மசியில் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில், கண்டிக் குளத்தைப் பார்த்தபடி இருக்கும் இந்த மாடிக் கஃபேயில் ஷிராஸ் கிட்டார் வாசிக்க அவள் பாடுவாள். சிங்களத்தில் அதிகம், ஆங்கிலத்தில் கொஞ்சம், சில நாட்களில் தமிழில் ஒன்று. ஆரம்பத்தில், பாடும்போது ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு அந்தப் பேச்சுக்குக் கீழே குரலை வைத்துப் பாடப் பழகிக்கொண்டாள். கோப்பிக் கோப்பைகளின் சத்தமும் சிரிப்பும் ஒரு போர்வை மாதிரி. அதற்குள் எங்கேயாவது சுருதி விலகினாலும் தெரியாது.

அன்றைக்கு ஜன்னலோர மேசையில் ஒரு பிறந்தநாள். கேக்கை நடுவில் வைத்து, ஃபோனை நீட்டிப் படம் எடுத்து, பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அழகமுத்து இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். மூன்றாம் முறை எழுந்தான். அவர்களிடம் குனிந்து, இரண்டு கைகளையும் கூப்பி, ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. அந்த மேசை அடங்கியது. பிறகு பக்கத்து மேசை. பிறகு எல்லாமே.

அந்த அமைதியில் அவளுக்குத் தன் குரல் தனியாகக் கேட்டது. மேல் ஸ்தாயியில் அது நடுங்கியது. ஷிராஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான். பாட்டு முடிந்ததும் அழகமுத்து மட்டும் பலமாகக் கைதட்டினான். பிறந்தநாள்காரர்கள் வெட்டாத கேக்கைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

இடைவேளையில் கடை முதலாளி பஹீம் அவளைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒங்கட மாப்புள நல்ல மனிசன். பொய் சொல்லல்ல. ஆனா இங்க வாரவங்க பேசத்தான் வாராங்க. அடுத்த கிழம அவர் வராம ஈந்தா நல்லம். நீங்களே சொல்லிடுங்க."

அவள் தலையாட்டினாள். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அழகமுத்து செய்ததிலும் தோன்றவில்லை.

அவன் முன் கதிரையிலேயே இருந்தான். தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

"இப்ப நல்லா கேக்குதுல்ல?" என்றான்.

"அவங்க பேசலாங்க. அதுக்குத்தான் வாராங்க."

"நீ பாடுறப்பயா?"

"ஆமா."

அவன் ஆறிய தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தான்.

"அப்ப நீ எதுக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"நான் பாடுறதுக்கு," என்றாள்.

சமையலறை வாசலில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்த பஹீமை அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான்.

"நீ முடிச்சிட்டு வா. நான் கீழ நிக்கிறேன்."

அவள் அவனை இருக்கச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் ஷிராஸ் கம்பிகளை மீட்டத் தொடங்கிவிட்டான். புதிதாக ஆட்கள் வந்து கதிரைகளை இழுத்துப் போட்டார்கள். பேச்சு மெல்ல மெல்ல மேலேறி, பழைய உயரத்துக்கு வந்து நின்றது. குரல் அதற்குக் கீழே தானாகப் போய் அமர்ந்ததை உணர்ந்தாள். நடுக்கம் இல்லை. சுகமாகவும் இல்லை.

கண்ணாடிக்கு வெளியே, வீதிக்கு அந்தப் பக்கம், குளத்துச் சுவரோரம் அழகமுத்து நின்றான். பஸ்களும் ஆட்டோக்களும் இடையில் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே எதுவும் கேட்காது. அவன் ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி, சுவரில் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தான். அவள் பாடிய தாளம் அது இல்லை.