எங்கள் கட்டத்துக்குக் கீழே

ரதகோந்த் அத்தை தன் நாயைக்கூட "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். என் கணவன் எமாரின் அத்தை. பிரெஞ்சு பூர்போன் அரச வம்சத்தின் சிறிய கிளை ஒன்றின் வம்சாவளியை நாற்பது வருடங்களாகத் தன் கையால் எழுதிவருபவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, பூர்ஜ் நகரில் இருக்கும் அவர் வீட்டில் சாப்பிட்டோம். பாலாடைக்கட்டித் தட்டை எடுத்ததும் மேசையைத் துடைத்துவிட்டு வம்சாவளி எழுதிய பெரிய தாளை விரித்தார். பத்து வருடங்களுக்கு ஒருமுறை வம்சாவளி புதிதாக அச்சாகும். அதற்கு முன் ஒவ்வொரு தம்பதியும் தங்கள் கட்டத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

எங்களுக்கு இந்தமுறை கையெழுத்து முக்கியமாகிவிட்டது. போன அக்டோபரில் எமாரின் அண்ணன் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவரிடமிருந்த சாந்த்வால் டியூக் என்ற பிரபுப் பட்டத்தை எமாருக்குத் தருவதாகக் குடும்பத் தலைவரான இளவரசர் கோந்த்ரான் கடிதம் எழுதியிருந்தார். நிலம் கிடையாது, வருமானம் கிடையாது, அரசாங்கமும் கண்டுகொள்ளாது. எமார் மாட்டு வைத்தியன். ஆனாலும் அந்தக் கடிதத்தை ஒரு வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். கன்று ஈனவைக்கப் போகும்போதுகூட.

எங்கள் பெயர்கள் இருந்த கட்டத்தைத் தேடிப் பிடித்தேன். எமார், ஓடில், கல்யாணமான வருடம். அதற்குக் கீழே அத்தையின் சாய்வெழுத்தில்: சந்ததி இல்லை.

பக்கத்து அறையில் எங்கள் எட்டு வயது மகள் இனெஸ் நாயோடு பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அவளைப் போகோட்டாவிலிருந்து தத்தெடுத்து வந்தபோது அவளுக்குப் பதினான்கு மாதம்.

"அத்தை, இது..." என்றேன்.

"தெரியும் ஓடில். தத்துப் பிள்ளைங்களை வம்சாவளியில சேர்க்கிறதில்ல. நான் வச்ச விதி இல்ல இது."

"அவ பேரைச் சேர்க்கச் சொல்லல. இந்த ரெண்டு வார்த்தைய எடுத்துடுங்களேன்."

"சும்மா விட்டா, பின்னாடி எவனாவது ஒருத்தன் நான்தான் அந்த வாரிசுன்னு வந்து நிப்பான். போன நூற்றாண்டுல நமக்கு மூணு பேர் அப்படி வந்தாங்க. ஒருத்தன் பல் டாக்டர்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "என் பேருக்குக் கீழயும் அதைத்தான் எழுதியிருக்கேன், பாருங்க. நானே எழுதினேன்."

பார்த்தேன். கை நடுங்காமல் எழுதியிருந்தார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். இந்தத் தாளைப் பார்த்துப் பல வருடம் சிரித்தவள் நான். என் அப்பா தபால்காரர். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு மேல் யார் பெயரும் யாருக்கும் தெரியாது. பிறகு ஏன் இப்படிச் சுடுகிறது? அத்தை எழுதுவதற்கு வெகுமுன்பே, பிள்ளைக்காக மருத்துவமனைகளில் கழிந்த ஆறு வருடங்களில், அதே வார்த்தைகளை நான் எனக்குள் எழுதிவைத்திருந்தேன். இனெஸ் வந்த பிறகும் அழிக்கவில்லை. இன்றைக்கு வேறொருவர் கையெழுத்தில் அதைப் படித்துவிட்டேன், அவ்வளவுதான்.

"கையெழுத்துப் போடலேன்னா?" என்று எமார் கேட்டான்.

"கல்யாணத்தோட உங்க கட்டம் நின்னுடும். கீழ எதுவும் அச்சாகாது. ஆனா சம்மதிக்காத கட்டத்துக்குப் பட்டம் கிடையாது. உங்க பங்காளி ஃபுல்க்குக்குப் போயிடும்."

"பழைய மோட்டார் சைக்கிள் விக்கிற ஃபுல்க்கா?"

"அவரேதான். காதுல கடுக்கன் வேற."

எமார் சிரித்தான். ஆனால் விரல் தாளில் அண்ணன் பெயர்மேலேயே இருந்தது. பள்ளியில் இரண்டாம் மகன் என்ற பெயரிலும், வீட்டில் அண்ணனின் பழைய கோட்டிலும் வளர்ந்தவன். அவன் எதையும் கேட்டதில்லை. என்னிடமும் பிள்ளை கேட்டதில்லை. அவனுக்கு வரும் இந்த ஒன்றைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பேனாவை எடுத்தேன்.

"நான் போட்டுடறேன், எமார். வெறும் தாள்தானே."

அப்போது இனெஸ் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து மேசைமேல் குனிந்தாள். "இதோ அம்மா! இதோ அப்பா! கீழ என்ன எழுதியிருக்கு? பாட்டியம்மா எழுத்து எனக்குப் புரியல."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் எமாரைப் பார்த்தேன். பசு பிழைக்காது என்று விவசாயிகளின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவன் அவன். இப்போது தாளைத்தான் பார்த்தான்.

"தப்பா எழுதியிருக்கு," என்றான் கடைசியில். என் விரல்களிலிருந்து பேனாவை எடுத்து மூடினான். "அத்தை, ஃபுல்க்குக்கே குடுக்கச் சொல்லுங்க."

"நல்லா யோசிச்சீங்களா, எமார்? திரும்ப வராது."

"தெரியும்."

அத்தை தாளின் ஓரத்தில் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு எழுந்து, இனெஸின் கன்னத்தைத் தொட்டு, "உங்களுக்குக் கொஞ்சம் ஆப்பிள் கேக் வேணுமா?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில் இனெஸ் பின் இருக்கையில் தூங்கிவிட்டாள். சாலையின் இருபுறமும் உழுத வயல்கள்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு," என்றான். "நாளைக்கும் இருக்கும்."

ஆறுதல் சொல்ல வார்த்தைகள் நாக்குவரை வந்தன. விழுங்கிவிட்டேன். அவன் ஆசைப்பட்டது சின்ன விஷயம் என்று அவனிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. கியரின் மேலிருந்த அவன் கைமேல் என் கையை வைத்தேன். வீடுவரை எடுக்கவில்லை; அவன் கியர் மாற்றும்போதெல்லாம் என் கையும் சேர்ந்தே நகர்ந்தது.