மெத்தையின் சுவரோரம்

மேல்வீட்டுக்காரி தண்ணீர் வராத குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, மூட மறந்து வேலைக்குப் போய்விட்டாள். பிறகு தண்ணீர் வந்தது, அவள் வரவில்லை. அவள் வீடு நிரம்பி, என் படுக்கையறையின் மேல்தளம் கசிந்து, மெத்தையில் ஊற்றியது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஊரார் விரிப்பையெல்லாம் உலர்த்திவிட்டு வந்தால், என் படுக்கை சொட்டச் சொட்டக் கிடக்கிறது. படியேறிப் போய் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்றாள், புது மெத்தையே வாங்கித் தருவதாகச் சொன்னாள்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "புதுசு யாரு கேட்டா? இதையே சரிபண்ணிக் குடு."

கல்யாணமான புதிதில் வாங்கிய பஞ்சு மெத்தை. சுவரோரம் அவருடைய இடம். கனத்த உடம்பு, பஞ்சு அமுங்கிப் பள்ளமாகிவிட்டது. தூக்கத்தில் நான் அதில் உருண்டு அவர்மேல் விழுவேன், காலையில் எழுந்து அவரைத் திட்டுவேன். போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அந்தப் பள்ளத்தில்தான் தூங்குகிறேன்.

நனைந்தது என் பக்கம் மட்டும்தான். அதை மட்டும் பிரித்துக் காயவைத்தால் போதும். ஆனால் செத்துப்போன புருஷனின் முதுகுப் பள்ளத்தைத் தொடாதே என்று சண்டைக்குப் போன இடத்தில் எந்த வாயால் சொல்வது? மெத்தையை எடுத்துப்போக வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தேன்.

வாரக் கடைசியில் மெத்தை வந்தது. அதற்காக லீவு போட்டு, மெத்தைக்காரர் கூடவே இருந்து வேலை வாங்கியிருக்கிறாள். அவள் தலைமுடியெல்லாம் பஞ்சு.

"ஒரு பக்கம் குழியா இருந்துச்சுக்கா. மொத்தப் பஞ்சையும் பிரிச்சு அடிச்சு, சமமாக்கச் சொல்லிட்டேன். இனிமே உங்களுக்கு முதுகு வலிக்காது."

உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். சுவரிலிருந்து இந்த ஓரம் வரை எங்கும் இறங்கவில்லை. கேட்டதற்கு மேலேயே செய்திருந்தாள்.

"சரியா இருக்காக்கா?"

"நல்லா இருக்கும்மா," என்றேன்.

அவள் நிம்மதியாகப் படியேறிப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டுச் சுவரோரம் படுத்தேன். மெத்தை என்னை மேலேயே வைத்துக்கொண்டது. அவர் உடம்பு இருந்த இடம் இனி எங்கேயும் இல்லை என்று அப்போதுதான் அழுதேன்.