டீசலுக்கு மாறிய டிராக்டர்

கருத்தப்பாண்டியின் டிராக்டர் பெட்ரோலில் ஓடியது. திருச்சுழிப் பக்கத்தில் அப்படி ஒரு வண்டி அது மட்டும்தான். அவனுடைய தாத்தா மதுரையில் ஒரு மில்காரரிடம் பழசாக வாங்கியது.

பங்கில் கேனில் டீசல் தருவார்கள், பெட்ரோல் தர மாட்டார்கள். பைக்கின் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து, டியூப் வைத்து வாயால் உறிஞ்சி, டிராக்டருக்கு மாற்றுவான். எட்டு ஏக்கரை உழுது முடிக்க ஐந்தாறு நடை.

ஆவணிக் கடைசியில் இஞ்சின் நின்றது. அருப்புக்கோட்டையிலிருந்து மெக்கானிக் சௌந்தர் வந்து திறந்து பார்த்தான்.

"இதுக்குச் சாமான் கெடைக்காது அண்ணாச்சி. எங்கிட்ட பழைய டீசல் இஞ்சின் ஒண்ணு கெடக்கு. மாட்டிருவோம்."

"பெட்ரோலுன்னா டக்குனு ஸ்டார்ட் ஆகுமேப்பா."

"ஆகி? பங்குக்கு நீங்கதான ஓடுறீக."

உள்ளேயிருந்து மனைவி முருகலட்சுமி சொன்னாள்: "டீசலே மாட்டுங்க தம்பி. இவுக பக்கத்துல படுத்தா பங்குல படுத்த மாதிரி இருக்கு."

டீசல் மாட்டப்பட்டது. முதல் சாவித் திருப்பிலேயே கிளம்பியது. கருத்தப்பாண்டிக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மழை என்று போனில் போட்டிருந்தது. அதற்குள் காய்ந்த புழுதியிலேயே குதிரைவாலியை விதைத்து உழுதுவிட வேண்டும். மழை விழுந்தால் கரிசல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்து நாளைக்கு வண்டி இறங்காது. பருவம் போய்விடும்.

திங்கட்கிழமை காலை, விதை மூட்டையை வண்டியில் ஏற்றும்போது பங்காளி ஜெகதீஸ்வரன் கேனோடு வந்தான்.

"அண்ணே, வண்டி இப்ப டீசலாமே! வாடகை வண்டி ஒண்ணும் சிக்கல. டீசல் நான் ஊத்திக்கிறேன். ரெண்டே ஏக்கர்."

டீசலோடு வந்து நிற்கும் சொந்தக்காரனிடம் இல்லையென்று சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை. பெட்ரோலோடு இதுவரை யாரும் வந்ததில்லை.

விதை மூட்டை இறங்கியது.

செவ்வாய்க்கிழமை சித்தி பிச்சையம்மாள் வந்தாள். "ஏய்யா, அவனுக்கு மட்டுந்தான் நீ பங்காளியா? எனக்கு நீ மகன் இல்லையா?"

அன்று சித்தியின் காடு. புதன்கிழமை வாசலில் மூன்று கேன்கள் வரிசையாக இருந்தன. ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"நம்ம காடு எப்ப?" என்றாள் முருகலட்சுமி.

"நாளைக்கு."

"நேத்தும் அதத்தான் சொன்னீக."

அவன் சௌந்தருக்குப் போன் போட்டான்.

"தம்பி, அந்தப் பெட்ரோல் இஞ்சின் இருக்கா?"

"எடைக்குப் போட்டாச்சு அண்ணாச்சி. ஏன், இது மக்கர் பண்ணுதா?"

"இல்ல. நல்லா ஓடுது."

வியாழக்கிழமை மதியம், மூன்றாவது கேன்காரரின் கடைசி உழவுச் சாலை முடித்து வண்டியைத் தன் காட்டுக்குத் திருப்பினான். வரப்பை எட்டும்போது மழை பிடித்தது. ஒரு நாள் முந்திவிட்டது. கொஞ்ச நேரத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் சேற்றில் இறங்கி நின்றன. இஞ்சின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவனே அதை நிறுத்தினான்.

நல்ல மழை. விதைத்தவர்களுக்கு அதைவிட நல்ல மழை அமையாது. ஜெகதீஸ்வரன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தான்.

"அண்ணே, டேங்குல நான் ஊத்துனதுல மிச்ச டீசல் கெடக்கும். பரவால்ல, அத நீங்களே வச்சுக்கங்க."